அந்த எண்ணை மாற்றும் உரிமை யாரிடம்? முதன்மைச் சாவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சிறு ஊரில் குழந்தைகள் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நோயாளிகள் டேபிளுக்கு எதை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் அடையாளம் காட்டும் மதிப்பாக, வைப்பது என்ற கேள்வி வந்தது. வரவேற்பில் உட்கார்ந்திருந்த அக்காவிடமே கேட்டேன்.

"பழைய ஃபைலை எப்படிக்கா தேடி எடுப்பீங்க?"

"ஃபோன் நம்பர் கேப்பேன் தம்பி. பேரச் சொன்னா ஒரே பேர்ல நாலு புள்ளைங்க இருக்கும்."

நியாயமான பதில். பத்து இலக்கம், எல்லோருக்கும் மனப்பாடம், அடிக்கவும் எளிது. அதையே சாவியாக வைத்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறார். ஒரே நம்பர் என்பதால் இரண்டாவது பிள்ளையைப் பதிய மென்பொருள் விடவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார். இரண்டாவது பிள்ளைக்கு அப்பாவின் நம்பர், மூன்றாவதற்குத் தாத்தாவின் நம்பர். வேறு நம்பரே இல்லாத வீடு என்றால் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி ஏதோ ஒன்று. இது எனக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆனது. தெரியவந்த விதம் இன்றும் உறுத்துகிறது. மூன்று வயதுப் பெண் குழந்தையோடு ஒரு குடும்பம் முதல்முறையாக வந்தது. அவர்களுடைய நம்பரை அடித்ததும் எட்டு வயதுப் பையன் ஒருவனின் ஃபைல் திறந்தது, பென்சிலின் ஒவ்வாமை என்ற குறிப்போடு. யாரோ விட்டுவிட்ட நம்பர் சுற்றி வந்து இவர்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது. வயதைப் பார்த்ததுமே டாக்டர் பிடித்துவிட்டார். இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகளாக இருந்து, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒவ்வாமை இல்லாத ஃபைல் திறந்திருந்தால்?

இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எண்கள் அளவானவை, கேட்பவர்கள் அதிகம், அதனால் சுற்றில் விடுகிறார்கள். அப்படிச் சுற்றில் இருக்கும் எண்ணின் மேல் ஒரு குழந்தையின் அடையாளத்தைக் கட்டியது நான்.

டேட்டாபேஸில் ஒரு டேபிளின் ஒவ்வொரு பதிவையும் மற்ற பதிவுகளிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு மதிப்பு வேண்டும். அதுதான் பிரைமரி கீ, முதன்மைச் சாவி. அந்த மதிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதில் இரண்டு கட்சி உண்டு. வெளியுலகில் ஏற்கெனவே புழங்குவதை, அதாவது ஃபோன் நம்பர், பான் எண், வண்டி எண் போன்றவற்றை எடுத்துக்கொண்டால் அது நேச்சுரல் கீ, இயற்கைச் சாவி. டேட்டாபேஸ் தானே உருவாக்கிக்கொள்ளும், வெளியில் எந்த அர்த்தமும் இல்லாத ஓர் எண் என்றால் அது சரோகேட் கீ, பதிலிச் சாவி. மற்ற டேபிள்கள் இந்தப் பதிவைக் குறிப்பிட வேண்டும் என்றால் இந்தச் சாவியின் பிரதியைத்தான் தம்மிடம் வைத்துக்கொள்ளும். சாவி மாறினால் வலிப்பது அங்கேதான். என் கிளினிக்கில் வருகை, மருந்துச் சீட்டு, தடுப்பூசி, பில் என்று நான்கு டேபிள்களில் அந்த ஃபோன் நம்பர் பதிந்து கிடந்தது. ஃபைல் அட்டையில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தது தனி.

இந்த விவாதம் ரிலேஷனல் டேட்டாபேஸ் பிறந்த காலத்திலிருந்தே உண்டு. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரைதான் டேபிள்களை இப்படி உறவுகளாகப் பார்க்கும் முறைக்கு அடித்தளம். முதன்மைச் சாவி, இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் அயல் சாவி இரண்டையும் அவர் அதிலேயே வரையறுத்துவிட்டார். உதாரணங்கள் எல்லாம் உதிரிபாகங்கள், சப்ளையர்கள், திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் ஓர் எண். எல்லாம் சுத்தமாக இருந்தது.

ஒன்பது வருடம் கழித்து, 1979இல், அதே காட் இன்னொரு கட்டுரை எழுதினார். ஹால், ஓலெட், டாட் என்ற மூவர் 1976இல் சொன்ன யோசனையை எடுத்துக்கொண்டு, பயனர் கையில் இருக்கும் சாவிகளை நம்பினால் என்ன சிக்கல் வரும் என்று மூன்று காரணம் அடுக்கினார். ஒன்று, அந்த மதிப்புகளை மாற்றும் தேவை வெளியில் வரும். இரண்டு கம்பெனிகள் இணைந்தால் ஊழியர் எண்களில் சில மாறியே ஆக வேண்டும். இரண்டு, ஒரே ஆளை ஒரு டேபிள் ஊழியர் எண்ணாலும் இன்னொரு டேபிள் சமூகப் பாதுகாப்பு எண்ணாலும் குறித்தால், இரண்டும் ஒருவரே என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. மூன்று, எண் கிடைப்பதற்கு முன்பும் எண் போன பின்பும் அந்த ஆள் இருக்கிறார். வேலைக்கு விண்ணப்பித்தவர், ஓய்வு பெற்றவர் இருவருக்கும் ஊழியர் எண் கிடையாது. ஆனால் அவர்களைப் பற்றிய தகவலை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இந்த மூன்று காரணத்துக்கு வெளியே ஒரு சிக்கலை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பெனிகள் இணைவதையே எடுத்துக்கொள்வோம். 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்க் தன் ஐந்து துணை வங்கிகளையும் பாரதிய மகிளா வங்கியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சுமார் 1,300 கிளைகளின் பெயரும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் மாறின. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தபோதும் அதே கதை. அலகாபாத் வங்கிக் கிளைகளின் குறியீடுகள் எல்லாம் இந்தியன் வங்கியின் முன்னெழுத்துகளுக்கு மாறின. ஐஎஃப்எஸ்சி குறியீடு பதினோரு எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், நாடு முழுக்க ஒரு கிளைக்கு ஒன்று. பார்த்தால் முதன்மைச் சாவிக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். சம்பளப் பட்டியல் மென்பொருளில் கிளை டேபிளுக்கு அதைச் சாவியாக வைத்தவர்கள், வங்கிகள் எடுத்த ஒரு முடிவுக்காகத் தங்கள் டேபிள்கள் அனைத்திலும் கைவைக்க வேண்டியிருந்திருக்கும். கிளை அதே தெருவில், அதே கட்டடத்தில்தான் இருந்தது.

முதன்மைச் சாவி மாறினால் சார்ந்த டேபிள்களில் உள்ள பிரதிகளையும் தானே மாற்றிவிட, டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில் ஆன் அப்டேட் கேஸ்கேட் என்ற வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஆரக்கிள் டேட்டாபேஸ் அதை ஆதரிப்பதே இல்லை. மற்றவற்றிலும் உங்கள் டேட்டாபேஸுக்குள் இருக்கும் பிரதிகளைத்தான் அது மாற்றும். போன மாதம் எக்செல்லில் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பியதையும், வேறு சர்வருக்கு அனுப்பிய கோப்பையும், ஃபைல் அட்டையில் மார்க்கரால் எழுதியதையும் அது எப்படி மாற்றும்?

இயற்கைச் சாவி என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை இயற்கையாக வந்தவை அல்ல என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆதார் எண்ணில் ஓர் ஆளைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. பன்னிரண்டு இலக்கம், கடைசி இலக்கம் பிழை கண்டுபிடிக்க, மற்றதெல்லாம் தற்செயலாகத் தேர்ந்தவை. அதாவது அது ஆதார் வழங்கும் அடையாள ஆணையத்தின் டேட்டாபேஸுக்கான பதிலிச் சாவி. ஐஎஃப்எஸ்சி, புத்தகங்களுக்குக் கொடுக்கும் ஐஎஸ்பிஎன், வண்டிப் பதிவு எண் எல்லாமே அப்படித்தான், யாரோ ஓர் அமைப்பு தன் வசதிக்கு ஒட்டிய எண். நாம் இரவல் வாங்கி நம் வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போடுகிறோம். அதனால் நான் இப்போதெல்லாம் இயற்கையா பதிலியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்த எண்ணை மாற்றவும் ரத்துசெய்யவும் திரும்பக் கொடுக்கவும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். வெளியே ஒருவரிடம் இருந்தால், அந்த எண் என் டேபிளில் ஒரு புலமாக, அதாவது பதிவில் உள்ள தகவல்களில் ஒன்றாக, இருக்கலாம். சாவியாக வேண்டாம்.

இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண் இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம். பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்கள் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிப் போடுவார்கள். பிப்ரவரி 14, ஆண்டின் 45ஆவது நாள். அன்று பிறந்த ஆணுக்கு 045, பெண்ணுக்கு 545. எண்ணைப் பார்த்தவுடன் பிறந்தநாளும் பாலினமும் தெரிந்துவிடும். படிவம் நிரப்பும் எழுத்தருக்கு எவ்வளவு வசதி!

சாவிக்குள் அர்த்தம் வந்து உட்கார்ந்தாலே வம்பு. பிறந்த தேதியைத் தவறாகப் பதிந்து பின்னால் திருத்தியவர் இருக்கிறார், பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொண்டவர் இருக்கிறார். அவர்களுடைய எண் இப்போது பொய் சொல்கிறது. பொய்யாகவே விடுவதா, எண்ணை மாற்றி எல்லாத் தொடர்பையும் அறுப்பதா? அப்புறம் ஆண்டுக்கு இரண்டே இலக்கம்தான் என்பதால் நூற்றாண்டுச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2016 ஜனவரி 1 முதல் புதிய எண்கள் பன்னிரண்டு இலக்கமாக வந்தன. ஆண்டு நான்கு இலக்கமானது, இடையில் ஒரு பூஜ்யம் சேர்ந்தது, கடைசி எழுத்து போனது. பழைய அட்டையும் செல்லும் என்பதால் பழைய எண் வடிவமும் புதிய எண் வடிவமும் சேர்ந்தே புழங்குகின்றன. அடையாள அட்டை எண்ணை முதன்மைச் சாவியாக வைத்திருக்கும் ஒரு மென்பொருளை நினைத்துப் பாருங்கள். புலத்தின் நீளம் பத்து என்று எழுதியிருந்தால் புதியவர்களைப் பதியவே முடியாது. நீளத்தைக் கூட்டினால், பழைய அட்டையோடு ஒருமுறையும் புதிய அட்டையோடு ஒருமுறையும் வருபவர் அதற்கு இரண்டு ஆட்கள்.

எண் தனித்துவமானது என்ற நம்பிக்கையே பொய்த்துப்போனதும் உண்டு. இந்தியாவில் வெவ்வேறு மாநில வாக்காளர்கள் சிலருக்கு ஒரே வாக்காளர் அட்டை எண் இருப்பதாகச் சர்ச்சை எழுந்தபோது, 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையம் ஒரு விளக்கம் கொடுத்தது. எல்லா மாநிலப் பட்டியல்களும் ஒரே மின்தளத்துக்கு வருவதற்கு முன்பு எண் கொடுக்கும் வேலை மாநிலங்களில் தனித்தனியாக, கையால் நடந்தது. சில மாநிலங்கள் ஒரே எழுத்து-எண் வரிசையைப் பயன்படுத்திவிட்டன. எண் ஒன்றாக இருந்தாலும் தொகுதியும் வாக்குச்சாவடியும் வேறு, ஆட்களும் வேறு. ஒரு மாநிலத்துக்குள் தனித்துவமாக இருந்த எண், எல்லை விரிந்ததும் அந்தத் தன்மையை இழந்தது. எந்த வட்டத்துக்குள் தனித்துவம் என்று கேட்காமல் ஓர் எண்ணைச் சாவியாக எடுத்தால் இதுதான் நடக்கும்.

வண்டி எண்ணையும் புத்தகத்தின் ஐஎஸ்பிஎன்னையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும், சேசிஸ் எண் மாறாது. ஐஎஸ்பிஎன் 2007 ஜனவரி 1 அன்று பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போனது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. ஒரு ஊர் நூலகத்தின் அலமாரியை அதை மட்டும் வைத்துப் பதிய உட்கார்ந்தால் முதல் தட்டிலேயே வேலை நின்றுவிடும்.

இவ்வளவையும் கேட்டால் எல்லா டேபிளிலும் ஒரு ஐடி புலத்தைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். மென்பொருள் எழுத உதவும் பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகளும் நம்மைக் கேட்காமலே அதைத்தான் செய்கின்றன. நானும் கிளினிக் மென்பொருளைத் திருத்தியபோது அந்தப் பக்கம் முழுதாகச் சாய்ந்தேன். ஆறு மாதத்தில் வேறு விதமான புகார் வந்தது. ஒரே குழந்தை 412ஆகவும் இருக்கிறது, 1893ஆகவும் இருக்கிறது. முதல் இரண்டு தடுப்பூசித் தவணை ஒன்றில், மூன்றாவது இன்னொன்றில். 1893ஐத் திறந்து பார்த்த நர்ஸுக்கு, பிள்ளைக்கு இரண்டு தவணை போடவே இல்லை என்று தெரிகிறது.

பதிலிச் சாவி எதையும் மறுக்காது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புது எண் கொடுத்து உள்ளே விட்டுவிடும். ஃபோன் நம்பர் சாவியாக இருந்தபோது குறைந்தபட்சம், இது ஏற்கெனவே இருக்கிறது என்று மென்பொருள் எதிர்த்துப் பேசியது. தப்பான காரணத்துக்குத்தான், ஆனாலும் பேசியது. பதிலிச் சாவி வைத்த பிறகும், எந்த இரண்டு பதிவுகள் உண்மையில் ஒன்றே என்ற கேள்விக்கு நாம் பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிலை, ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யுனீக் கட்டுப்பாடாக டேபிளிலேயே எழுத வேண்டும். திரையில் மட்டும் சரிபார்த்தால் போதாது, இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பதிந்தால் திரைச் சரிபார்ப்பு இரண்டையும் விட்டுவிடும்.

தடுப்பூசி டேபிளில் இது அழகாகப் பொருந்தியது. பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. ஒரு குழந்தை, ஒரு தடுப்பூசி, ஒரு தவணை எண், இந்த மூன்றும் சேர்ந்தது ஒரே ஒரு முறைதான் நடக்கும். ஆகவே அந்த மூன்று புலமும் சேர்ந்ததையே முதன்மைச் சாவியாக வைத்தேன், தனி ஐடி போடவில்லை. நர்ஸ் சேமி பட்டனை இரண்டு முறை அழுத்தினாலும் இரண்டாவது தவணை இரண்டு முறை ஏறாது. இரண்டு டேபிள்களை இணைக்கும் இப்படிப்பட்ட இடைநிலை டேபிள்களில் கூட்டுச் சாவிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. பல ஃபிரேம்வொர்க்குகள் இதற்கு ஒத்துழைக்காமல் இருந்தன என்பதும் உண்மை. ஜாங்கோ என்ற பைதான் ஃபிரேம்வொர்க்கில் கூட்டு முதன்மைச் சாவிக்கு ஆதரவு வந்ததே 2025 ஏப்ரலில் வெளியான 5.2 பதிப்பில்தான். அதுவரை ஒரு ஐடியும், மூன்று புலத்துக்கும் சேர்த்து ஒரு யுனீக் கட்டுப்பாடும் போட்டு ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அதுவும் மோசமில்லை.

குழந்தைகள் டேபிளில் இவ்வளவு எளிதாக முடியவில்லை. பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் மூன்றும் சேர்ந்தால் தனித்துவம் வந்துவிடும் என்று நினைத்தேன். பிறந்து பத்து நாள் ஆன பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள், இன்னாருடைய குழந்தை என்று தாய் பெயரில்தான் சீட்டு போடுவார்கள். அப்படி ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால்? பெயர் இல்லை, தேதி ஒன்று, தாய் ஒருவர். எண் கிடைப்பதற்கு முன்பே ஆள் இருக்கிறார் என்று காட் சொன்ன மூன்றாவது காரணம் தொட்டிலில் இரண்டாகக் கிடக்கிறது. ஆகவே அங்கே கட்டுப்பாடு போடாமல் எச்சரிக்கை மட்டும் வைத்தேன். ஒத்துப்போகும் பழைய பதிவுகளைத் திரையில் காட்டும், முடிவு பதிபவருடையது. மனிதர்களைப் பொறுத்தவரை இதைவிடக் கறாரான விதி எனக்குக் கிடைக்கவில்லை.

பதிலிச் சாவிக்கு வெளி அர்த்தம் ஏற்றும் தவறும் அடிக்கடி நடக்கிறது. பில் எண் இதில் முதலிடம். ஜிஎஸ்டி விதி 46இன்படி பில்லில் தொடர் வரிசை எண் இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருக்க வேண்டும். டேட்டாபேஸ் தானாகக் கூட்டிக் கொடுக்கும் ஆட்டோ இன்கிரிமென்ட் ஐடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று போவதால் அதையே பில் எண்ணாக அச்சடித்துவிடுகிறார்கள். ஆனால் டேட்டாபேஸ் அந்த எண்ணைத் தொடர்ச்சியாகத் தருவதாக வாக்குக் கொடுக்கவே இல்லை. பாதியில் ரத்தான ஒரு பரிவர்த்தனை 1042ஐ எடுத்துக்கொண்டு போய்விடும், அடுத்த பில் 1043. "1042 எங்கே?" என்று ஆடிட்டர் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 8.0 பதிப்புக்கு முன்பு இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. அடுத்த எண் எது என்பதை, அதில் பதிவுகளைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. கடைசிப் பதிவை அழித்துவிட்டு சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால், டேபிளில் மிச்சமிருக்கும் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அழிந்த அதே எண்ணை மறுபடி கொடுத்துவிடும். கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பில் எண் சட்டம் கேட்கும் எண், அதற்குத் தனிப் புலமும் தனி எண்ணிக்கையும் வேண்டும். உள்ளே டேபிள்களைக் கோக்கும் ஐடி யார் கண்ணிலும் படத் தேவையில்லை. 1979 கட்டுரையிலேயே காட் பதிலியின் மதிப்பைப் பயனருக்குக் காட்டவே கூடாது என்றுதான் எழுதியிருந்தார்.

காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று தெரிய, கைப்பற்றிய டாங்கிகளின் வரிசை எண்களை நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 1942 ஆகஸ்ட்டில் உளவுத்துறையின் மதிப்பு 1,550. வரிசை எண்களிலிருந்து வந்த மதிப்பு 327. போர் முடிந்து ஜெர்மனியின் பதிவேட்டைப் பார்த்தபோது 342. உங்கள் இணைய முகவரியில் ஆர்டர் எண் வரிசையாகத் தெரிந்தால், இன்று காலை ஓர் ஆர்டரும் நாளைக் காலை ஓர் ஆர்டரும் போட்டுப் பார்க்கும் போட்டியாளருக்கு உங்கள் ஒருநாள் வியாபாரம் தெரிந்துவிடும். இன்னும் மோசமாக, எண்ணில் ஒன்றைக் கூட்டி அடுத்தவர் பில்லைத் திறந்து பார்க்கவும் தோன்றும். அதற்கு உண்மையான தடுப்பு அனுமதிச் சோதனைதான், சாவியின் வடிவம் அல்ல. ஆனாலும் ஊகிக்க எளிதான எண்ணை ஏன் வெளியே தொங்கவிட வேண்டும்?

அதற்காகப் பலர் யுயுஐடி என்ற நீளமான தனித்துவ எண்ணுக்குப் போகிறார்கள். 128 பிட், எந்த சர்வரிலும் யாரையும் கேட்காமல் உருவாக்கிக்கொள்ளலாம், இரண்டு ஒன்றாக அமைய வாய்ப்பு மிக மிகக் குறைவு. விலை வேறு இடத்தில் இருக்கிறது. இன்னோடிபி, பதிவுகளையே முதன்மைச் சாவியின் வரிசையில்தான் அடுக்கி வைக்கும், 16 கேபி பக்கம் பக்கமாக. ஏறுவரிசையில் வரும் எண் என்றால் புதுப் பதிவு எப்போதும் கடைசிப் பக்கத்தில் போய் உட்காரும். நான்காம் வகை யுயுஐடி முற்றிலும் தற்செயலானது என்பதால் ஒவ்வொரு பதிவும் எங்கோ நடுவில் நுழையும், நிறைந்த பக்கங்கள் பிளக்கும். அதோடு வேகமாகத் தேட உதவும் மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸிலும் முதன்மைச் சாவியின் பிரதி இருக்கும். பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகை என்றால் 8 பைட், யுயுஐடி 16 பைட், அதையே எழுத்தாகச் சேமித்தால் 36 பைட். இயற்கைச் சாவியாக நீளமான மின்னஞ்சல் முகவரியை வைப்பவர்களுக்கும் இதே செலவுதான். 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் ஏழாம் வகை யுயுஐடி முறைப்படி வந்தது. முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம் என்பதால் ஏறுவரிசையிலேயே வரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 18ஆம் பதிப்பில் அதை உருவாக்கத் தனி ஃபங்ஷனே உண்டு. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பதிவு உருவான நேரம் தெரிந்துவிடும். நோயாளிப் பதிவு போன்ற இடங்களில் இதை யோசித்துத்தான் வெளியே காட்ட வேண்டும்.

சாதாரண எண்ணே போதும் என்றால் பிக்இன்ட் எடுங்கள். 4 பைட் இன்ட் 2,14,74,83,647 வரைதான் போகும். 2018 நவம்பர் 8 அன்று பேஸ்கேம்ப் 3 என்ற குழுப்பணி மென்பொருளின் ஒரு டேபிள் அந்த எண்ணைத் தொட்டுவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் யாரும் புதிதாக எதையும் எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிந்தது. 8 பைட் என்றால் 92,000 கோடி கோடிக்கும் மேல்.

இயற்கைச் சாவி அப்படியே பொருந்தும் இடங்களும் இல்லாமல் இல்லை. பணத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, மொழிக் குறியீடு, நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு போன்ற சிறு பட்டியல்களில் நான் அதையே சாவியாக வைக்கிறேன். பதிவைப் பார்த்தவுடன் புரியும், பெயருக்காக இன்னொரு டேபிளை இணைக்க வேண்டாம். இங்கேயும் எண் வேறு ஒருவர் கையில்தான். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இருந்த சிஎஸ் என்ற குறியீட்டை, அந்த நாடு 1993இல் பிரிந்து பத்தாண்டு ஆன பிறகு, செர்பியா-மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள். 2006இல் அந்த நாடும் பிரிந்துவிட்டது. பழைய தபால்தலைகளைப் பட்டியலிடுபவருக்கு இது பெரிய குழப்பம். இன்றைய பார்சலுக்கு முகவரி எழுதும் மென்பொருளுக்கு ஒன்றுமில்லை. ஆபத்து இருக்கிறது, ஆனால் அளவு தெரிந்த ஆபத்து.

சில இடங்களில் தேர்வு நம் கையிலேயே இல்லை. ஆதார் எண்களைச் சேமிக்கும் நிறுவனங்கள் அவற்றை ஆதார் பெட்டகம் என்ற தனி இடத்தில் பூட்டி வைத்து, மற்ற எல்லா இடத்திலும் அதற்குப் பதிலாக ஒரு குறிப்புச் சாவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அடையாள ஆணையம் 2017இல் உத்தரவு போட்டது. பதிலிச் சாவியையே கட்டாயமாக்கிய உத்தரவு அது. ஆதாரை நேரடியாகச் சாவியாக வைத்து டேபிள்களைக் கோத்தவர்கள் அத்தனையையும் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஒருவருடைய அடையாள எண்ணை நாற்பது டேபிள்களில் பிரதி எடுத்து வைப்பது அவருக்கு நாம் செய்யும் தீங்கு என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏதாவது ஒரு டேபிள் வெளியே கசிந்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அந்தக் கிளினிக் மென்பொருள் இன்னும் ஓடுகிறது. குழந்தைகள் டேபிளில் உள்ளே ஒரு பிக்இன்ட் ஐடி இருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. பெற்றோரிடம் கொடுக்கும் அட்டையில் வேறு ஒரு சிறு எண். ஃபோன் நம்பர்கள் தனி டேபிளுக்குப் போய்விட்டன, எந்த நம்பர் எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று. 412உம் 1893உம் ஒரே குழந்தை என்று தெரிந்தால் எதையும் அழிப்பதில்லை. 1893இல் "இதில் சேர்ந்தது" என்ற புலத்தில் 412 என்று எழுதிவிடுகிறோம், பழைய அட்டையைக் கொண்டு வந்தாலும் சரியான ஃபைல் திறக்கிறது. வரவேற்பு அக்கா இப்போதும் முதலில் கேட்பது ஃபோன் நம்பரைத்தான். அடித்ததும் அந்த நம்பரோடு சேர்ந்த பிள்ளைகளின் பட்டியல் வருகிறது. "எந்தப் புள்ளைக்கும்மா, பெரியவனுக்கா சின்னவளுக்கா?" என்று கேட்டு, பிறந்த தேதியையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அப்புறம்தான் ஃபைலைத் திறக்கிறார்.